வீட்டுச் சத்தம்

ஜூன் 3, 2019, திங்கள்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. என் குடங்களும் இரண்டு எவர்சில்வர் அண்டாவும் வாசலில் வரிசையில் நின்று வெயில் காய்ந்துவிட்டு உள்ளே திரும்பின. பக்கத்து வீட்டு மல்லிகா, "லாரி வருதுன்னு சொன்னவன் கையில கெடச்சா அவனையே புழிஞ்சி குடிச்சிடுவேன்க்கா" என்றாள். பெரம்பூரே அந்த மனநிலையில்தான் இருக்கிறது.

பெங்களூர் கிருபாகரனிடமிருந்து கோப்புகள் வந்துவிட்டன. போன டிசம்பரில் அம்மா காலமான பிறகு பரணை ஒழித்தபோது ஒலிநாடாச் சுருள்கள் கிடைத்தன அல்லவா, அவற்றின் பிரதிகள். அப்பா இளமையில் ஓஷன் கிளப் என்ற இடத்தில் ஜாஸ் குழுவில் ட்ரம்பெட் வாசித்தவர். சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம், கிளப்பின் நடன மேடையிலிருந்தே வானொலியில் நேரடி ஒலிபரப்பு. அம்மா வீட்டில் ரேடியோவுக்கு முன்னால் நாற்காலி போட்டு, அதன் மேல் மைக்கை வைத்து, டேப் ரெக்கார்டரை ஓட்டியிருக்கிறாள். ரேடியோவிலிருந்து நேராக ஒயர் இழுத்துப் பதியலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் ஜாஸோடு வீடும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கிற சத்தம், காக்கை, தெருவில் உப்பு விற்கிறவன், எல்லாம்.

கிருபாகரன் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜாஸ் என்றால் பைத்தியம். இதை இசைத்தட்டாகப் போடப்போகிறார். வடபழனி டப்பிங் தியேட்டரில் முப்பது வருஷம் சவுண்ட் எடிட்டராகக் குப்பை கொட்டியவள் என்பதால் வேலை என் தலையில். "வீட்டுச் சத்தத்தை எல்லாம் எடுத்துடுங்க மேடம், கிளப் மட்டும் இருக்கணும்" என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். எண்பத்தைந்து வயது. பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதெல்லாம் யாரு கேக்கப்போறா" என்றார்.

ஜூன் 5, புதன்

இன்று முதல் சுருளைக் கேட்டேன்.

அப்பா வாசித்து நான் கேட்டதே இல்லை. எனக்கு நினைவு தெரிந்த அப்பா ரயில்வே குமாஸ்தா. சட்டைப் பையில் இரண்டு பேனா, மதியத்துக்குத் தயிர்சாதம். ட்ரம்பெட்டை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, விற்றுவிட்டாராம். அந்த மனுஷன் இப்படி ஊதியிருக்கிறார்! கிளப்பில் கண்ணாடி டம்ளர்கள் மோதுகின்றன, யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், ஒரு பெண் உரக்கச் சிரிக்கிறாள், அத்தனைக்கும் நடுவே அந்த ட்ரம்பெட் நிதானமாக எழுந்து வருகிறது. எனக்கு முதலில் வந்தது பெருமை இல்லை, கோபம். இவ்வளவையும் ஏன் என்னிடம் காட்டவில்லை?

ஒலிபரப்பு முடியும்போது குழு ஒரு மெட்டை மெல்ல வாசித்துக்கொண்டிருக்க, அறிவிப்பாளர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்கிறார். பெயர் சொன்னதும் அந்த ஆள் தன் வாத்தியத்தில் ஒரு துணுக்கு வாசிக்க வேண்டும், அதுதான் வழக்கம். கடைசிப் பெயர் அப்பாவுடையது. "இக்னேஷியஸ்" என்றதும் ஒரே ஒரு துணுக்கு. மூன்று சுரம். ஏறி, இன்னும் ஏறி, சட்டென்று இறங்கும். உடனே பதிலுக்கு மணி மாதிரி ஒன்று மூன்று தரம் அடிக்கிறது. டிங், டிங், டிங்.

கிருபாகரனுக்கு இந்த இடம்தான் உயிர். "டிரம்மர் நோயலோட வேலை மேடம். ட்ரம்பெட் கேள்வி கேக்குது, மணி பதில் சொல்லுது. என்னா புத்தி பாருங்க! அதை மட்டும் தொட்றாதீங்க."

ரேடியோ வழியாக வந்த சத்தம் எல்லாம் மங்கலாக இருக்கும். இந்த மணி மட்டும் மைக்குக்குப் பக்கத்தில் அடித்ததுபோல் பளிச்சென்று இருக்கிறது. ஏதோ பதிவுக் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

லாரி வந்தது. சண்டை. மூன்று குடம். குளிக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

மாதா கோவில் பூசைக்குப் போய் வந்தோம். சாமியார் மழைக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னார். அப்பா மாலையில் மறுபடியும் தனியாகக் கோவிலுக்குப் போனார். தினமும் போகிறார். திரும்பி வந்து வாசலில் நின்று விசிலடிப்பார். பல்செட் வழியாகக் காற்றுதான் பாதி வரும். அடித்துவிட்டு உள்ளே வராமல் கொஞ்ச நேரம் நிற்பார். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். வியர்வை ஆறட்டும் என்று நிற்கிறார் என்பாள் அம்மா. நான் ஓடிப்போய்க் கதவைத் திறப்பேன். திறந்ததும் அவர் முகம் ஒரு நொடி எப்படியோ ஆகும். வேறு யார் வீட்டுக் கதவையோ தட்டிவிட்டதுபோல. பிறகுதான் தலையைத் தடவுவார்.

இன்று அந்த விசிலைக் கவனித்துக் கேட்டேன். மூன்று சுரம். ஏறி, இன்னும் ஏறி, இறங்கியது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டில் டம்ளரை ஸ்பூனால் தட்டக் கூடாது. மற்ற எந்தச் சேட்டைக்கும் அப்பா கை ஓங்கியதில்லை. அதற்கு மட்டும் ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன். அடித்துவிட்டு அவரே எழுந்து வெளியே போய்விட்டார், அம்மா என்னைச் சமாதானப்படுத்தாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மதியம் நான்காவது சுருளைச் சுத்தம் செய்தேன். கடைசியில் அப்பாவின் மூன்று சுரம். டிங், டிங், டிங். அதோடு நிற்கவில்லை, டிங், டிங் என்று மேலும் மேலும் அடிக்கிறது. பின்னால் அம்மாவின் குரல், இளம் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு: "மூணுதான்டா! மூணுதான்! அப்பா மூணுதானே ஊதினாங்க?"

என்னை யாரும் "டா" போட்டதில்லை. தவிர, அந்தச் சுருளின் டப்பாவில் அம்மா கையெழுத்தில் எழுதியிருப்பது 1962. நான் பிறந்தது அறுபத்தாறில்.

ஜூன் 10, திங்கள்

அப்பாவுக்கு இட்லி வைக்கும்போது சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"அப்பா, ஒலிபரப்பு முடியிறப்ப ஒரு மணி கேக்குதே, யாரு அடிக்கிறா?"

"நோயல்."

"கிளப்ல அடிச்ச மாதிரி இல்லப்பா."

"நோயல்னு சொல்றேன்ல?" என்றார். சட்னியைத் தொடாமல் எழுந்துவிட்டார். அந்த இட்லியை நான்தான் தின்றேன்.

ஜூன் 12, புதன்

எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஐம்பத்து மூன்று வயதில் இதற்கெல்லாம் வருத்தப்பட முடியுமா? யோசித்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் கீழ்ப்பாக்கம் போவோம். தாத்தா பாட்டி கல்லறையில் பூப் போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அம்மா எப்போதும் ஒரு மெழுகுவர்த்தி அதிகமாக வாங்குவாள். ஓரத்தில் பெயரில்லாத ஒரு சின்னக் கல் இருக்கும், அதன் மேல் வைப்பாள். "யாரும்மா இது?" என்று கேட்டேன். "யாரோ பெத்த பிள்ளை, பாவம்" என்றாள். அப்பா அந்த நேரம் பார்த்து பம்பில் கைகழுவப் போவார்.

நான் கோவிலில் முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்கு ராயபுரத்து அத்தை வந்திருந்தாள். "ராயப்பன் தங்கச்சி எவ்ளோ வளந்துட்டா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா அத்தையை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். யார் ராயப்பன் என்று நான் கேட்கவில்லை. எதைக் கேட்டால் அந்த வீட்டில் எல்லாரும் எழுந்து போவார்கள் என்று எனக்கு எட்டு வயதிலேயே தெரிந்திருந்தது.

வேலை நடக்கிறது. ஸ்டவ், காக்கை, உப்புக்காரன் எல்லாரையும் வெளியேற்றியாயிற்று. மணியைத் தொடவில்லை. அது மணி இல்லை, டம்ளர். எவர்சில்வர்கூட இல்லை, பித்தளை.

ஜூன் 14, வெள்ளி

ஒன்பதாவது சுருளில் டம்ளர் இல்லை.

டப்பாவில் 1963 ஆகஸ்ட். அறிவிப்பாளர் பெயர்களைச் சொல்கிறார். இக்னேஷியஸ். மூன்று சுரம் வருகிறது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அவசரமாக. பிறகு ஒன்றுமில்லை. கிளப்பின் கைதட்டல், அவ்வளவுதான். அடுத்த சுருளிலும் மூன்று சுரம் உண்டு, பதில் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. நான் கேட்டவரைக்கும் எல்லாச் சுருளிலும் அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

கிருபாகரன் போன் செய்தார். "நோயலுக்கு என்ன ஆச்சு மேடம்? திடீர்னு மணியை விட்டுட்டான். இந்த ஒன்பதாவதுதான் இருக்கறதுலயே நல்ல வாசிப்பு, ட்ரம்பெட் அழுவுற மாதிரி இருக்கு. முடிவுல மட்டும் வெறுமையா நிக்குது. முந்தின சுருள்லேர்ந்து மணியை எடுத்து ஒட்டிடுங்களேன். யாருக்குத் தெரியப்போவுது?"

டப்பிங் தியேட்டரில் நான் ஒட்டாததா? செத்துப்போன நடிகரின் இருமலைப் பழைய படத்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறேன். செய்கிறேன் என்று சொன்னேன்.

ஜூன் 15, சனி

ஒட்டினேன்.

ஏழாவது சுருளிலிருந்து டம்ளரை எடுத்தேன். இடைவெளி பார்த்து, அறையின் எதிரொலி பார்த்து, பொருத்தினேன். அச்சாகப் பொருந்திவிட்டது. அப்பா ஊதுகிறார், டிங், டிங், டிங். பதில் கிடைத்துவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். மல்லிகா ஜன்னலில் வந்து, "ஏன்க்கா, கண்ணெல்லாம் செவந்திருக்கு?" என்றாள். லாரிப் புழுதி என்றேன். லாரி வந்து நாளாகிறது என்று இருவருக்குமே தெரியும்.

இதை அப்பாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அவருக்கு வயதாகிவிட்டது. ஒருமுறையாவது பதிலைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

இதை எழுதிவிட்டு யோசிக்கிறேன். என்ன காரணத்துக்காகச் செய்கிறேன்? அவருக்குச் சந்தோஷம் கொடுக்கவா, வாயைத் திறக்க வைக்கவா? இரண்டும்தான் என்று வைத்துக்கொள்வோம்.

ஜூன் 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அப்பாவை என் மேஜைக்கு முன்னால் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வலது கை விரல்கள் மூன்றும் தொடையின் மேல் தானாக அசைந்தன.

முடிவு வந்தது. டம்ளர் அடித்ததும் அப்பா முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் நான் பார்த்தே இராத சிரிப்பு. ஒரு கணம்தான். கண்ணைத் திறந்தார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது எந்தத் தேதி?"

சொன்னேன்.

"அன்னைக்கு அவன் அடிக்கல."

நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன்.

"வேற எங்கேர்ந்தோ எடுத்துப் போட்டியா?"

"ஆமாப்பா."

"எடுத்துடு."

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். இவ்வளவு நேரம் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"ராயப்பன். ஆறு வயசு. ராயபுரத்து வீட்ல இருந்தோம். சனிக்கெழம ஆனா ரேடியோ முன்னாடி டம்ளரும் ஸ்பூனுமா உக்காந்துடுவான். நான் மூணு ஊதுவேன், அவன் மூணு அடிக்கணும். எனக்குக் கேக்காது. வீட்டுக்கு வந்ததும் அடிச்சேம்பா, அடிச்சேம்பான்னு காலைக் கட்டிக்குவான். தொண்டை அடைப்பான் வந்துச்சு. வியாழக்கெழம போயிட்டான். வெள்ளிக்கெழம பொதைச்சோம்."

"சனிக்கிழமை வாசிக்கப் போனீங்களா?"

"நேரடி ஒலிபரப்பு. வேற ஆளு இல்ல. உங்கம்மாதான் போங்கன்னா. வீட்ல உக்காந்து என்ன செய்யப்போறீங்கன்னா. போனேன். நல்லாத்தான் வாசிச்சேன். கடைசியில பேரைச் சொன்னான். ஊதிட்டேன்." கையைத் தூக்கி மூன்று விரலையும் காட்டினார். "மறந்துட்டேன்னு இல்ல ரெஜி. நான் மறக்கல. இது மறந்துடுச்சு. ஊதினப்புறம்தான் என்ன செஞ்சேன்னு தெரிஞ்சுச்சு. ஊரே கேக்க, பொதைச்ச பிள்ளையைக் கூப்பிட்டுட்டேன். உங்கம்மா ரேடியோ முன்னாடி உக்காந்திருக்கா."

"அப்புறமும் ஏன் ஊதினீங்க? எல்லா வாரமும் இருக்கே."

"ஒரு தடவ கூப்பிட்டாச்சே. அடுத்த வாரம் கூப்பிடலைன்னா? அப்பா விட்டுட்டாருன்னு நெனப்பான்ல?"

இன்னொன்றும் கேட்டேன். இத்தனை வருஷம் கேட்காததை இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது?

"எனக்கு ஏன் ஒரு நாளும் வாசிச்சுக் காட்டல?"

மடியிலிருந்த ஹெட்போனை எடுத்து மேஜையில் வைத்தார்.

"நீ பொறந்த அன்னைக்கே அதை வித்துட்டேன். உனக்கும் ஒண்ணு ஊதிப் பழக்கிட்டா, நீயும் பதில் சொல்லிப் பழகிட்டா... பயம்மா. பயம்தான்."

பிறகு எழுந்துகொண்டார். அறை வாசலில் நின்று, திரும்பாமல் கேட்டார். "நான் ஊதினப்புறம், அந்த டேப்புல, உங்கம்மா ஏதாவது சொன்னாளா?"

"கேட்டுச் சொல்றேம்பா."

ஜூன் 17, திங்கள்

ஒட்டியதைப் பிரித்தேன். மூலப் பதிவை எடுத்து, கிளப்பின் கைதட்டலைக் குறைத்து, வீட்டுச் சத்தத்தை மட்டும் கூட்டினேன். இத்தனை நாள் செய்ததற்கு நேர் எதிரான வேலை.

அப்பாவின் மூன்று சுரம். மூச்சு ஒன்று உள்ளே இழுபடுகிறது. நாற்காலி நகர்கிறது. ரேடியோவுக்கு மிகப் பக்கத்தில் வந்து, எதிரில் இருக்கிறவரிடம் சொல்வதுபோல் அம்மா சொல்கிறாள்: "அவன் இல்லீங்க."

நாடா அதோடு நிற்கவில்லை. அம்மாவுக்கு அணைக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. சுருள் தீரும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பது கேட்கிறது.

அதற்குப் பிறகும் அவள் எல்லாச் சனிக்கிழமையும் பதிந்திருக்கிறாள். அப்பா வாசிப்பதைப் பதிகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். யாருடைய சத்தத்துக்காக, ரேடியோவிலிருந்து ஒயர் இழுக்காமல், மைக்கை வெளியே வைத்தாள் என்று இப்போது தெரிகிறது. நான் கேட்டவரையில் எதுவும் பதிவாகவில்லை. கேட்காத சுருள் ஒன்று பாக்கி இருக்கிறது. கேட்கப்போவதில்லை.

ஜூன் 18, செவ்வாய்

அப்பா கேட்டார். "ஒண்ணும் தெளிவா இல்லப்பா" என்றேன். "இருக்காது" என்றார். அவர் நம்பவில்லை, அவர் நம்புவார் என்று நினைத்து நானும் சொல்லவில்லை. இரண்டு குடம் தண்ணீர் கிடைத்தது.

ஜூன் 19, புதன்

கிருபாகரனிடம் பேசினேன்.

"ஒன்பதாவது சுருள் அப்படியே போகும். முடிவுல எதையும் ஒட்ட முடியாது."

"மேடம், வெறுமையா..."

"வெறுமையாத்தான் இருக்கணும். இன்னொண்ணு. அட்டையில வாசிச்சவங்க பேரு போடுவீங்கல்ல? டிரம்ஸ் நோயல்னு போடுங்க. மணியை அவர் பேர்ல போடாதீங்க. அதுக்குத் தனியா ஒரு வரி. டம்ளர்: ராயப்பன்."

அவர் எழுதிக்கொண்டே, "யாரு மேடம் ராயப்பன்? கிளப்ல வாசிச்சவரா?" என்றார்.

"எங்க அண்ணன்" என்றேன்.

அந்த வார்த்தையை என் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன். கிருபாகரன், "போட்டுடறேம்மா" என்றார். மேடத்தை விட்டுவிட்டார்.

அப்பாவிடம் அட்டை விஷயத்தைச் சொன்னேன். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார்.

ஜூன் 20, வியாழன்

லாரி மதியம் வரும் என்றார்கள். நம்பி அண்டா இரண்டையும் வாசலில் வைத்தேன். வரவில்லை. உள்ளே எடுக்கச் சோம்பலாக இருந்தது, அப்படியே விட்டேன்.

சாயங்காலம் அப்பா கோவிலுக்குப் போனார். வானம் கறுத்திருந்தது. இந்த மாதம் எத்தனையோ தடவை கறுத்து ஏமாற்றியிருக்கிறது என்பதால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் டம்ளரில் காபிக்குச் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

வாசலில் விசில் கேட்டது. மூன்று சுரம். பாதி காற்று.

என் கையில் டம்ளர் இருக்கிறது, ஸ்பூன் இருக்கிறது. ஓங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். அடிக்கவில்லை. ஒரு தடவை ஒட்டியது போதும். அது என்னிடம் கேட்கிற கேள்வி இல்லை. ஸ்பூனை வைத்துவிட்டு எப்போதும்போல் கதவைத் திறக்கப் போனேன்.

அப்பா வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தார். அப்போது வெற்று அண்டாவின் அடியில் முதல் துளி விழுந்தது. டிங். பெரிய துளி. அடுத்தது. அடுத்தது. நாங்கள் இருவரும் அசையவில்லை. மூன்றோடு நின்றுவிடும் என்றே எனக்குத் தோன்றியது. நிற்கவில்லை. நான்கு, ஐந்து, இரண்டாவது அண்டாவிலும் சேர்ந்து, எண்ணவே முடியாமல் அடிக்க ஆரம்பித்தது. தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. மல்லிகா, "மழக்கா! மழ!" என்று கத்துகிறாள். அப்பா நனைந்துகொண்டு அண்டாவையே பார்த்தார். ஹெட்போனில் அன்று ஒரு கணம் வந்து போன அதே சிரிப்பு, இந்தத் தடவை போகவில்லை.

"மூணுதான்னு எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டான்" என்றார்.

நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறவில்லை.

"நீயும் கேட்டியா ரெஜி?"

"கேட்டேம்பா."

கொடியில் துணி இருக்கிறது. எடுக்கவில்லை.